இரும்பைத் தாண்டாத குரல்

1. எங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில், இரும்புத் தகடு அடுக்குகளுக்குப் பின்னால் செல்வி அக்கா வேலையில் இருந்தார்.
2. "கிரேன் வருது, தள்ளிப்போ" என்று சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில் கத்தினார்.
3. அக்கா நகரவில்லை. கிரேனில் தொங்கி வந்த தகடு உரசித் தோள் கிழிந்தது.
4. தூங்கினார் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"சத்தமே வர்லம்மா" என்று அவர் என்னிடம் அழுதார். பராமரிப்பு இன்ஜினியரான எனக்கு ஆத்திரம் பொங்கியது. வாக்கிடாக்கி நம் குரலை ரேடியோ அலைமேல் ஏற்றி அனுப்புகிறது. இரும்பில் பட்டால் அந்த அலை திரும்பிவிடும். அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் அங்கே வேண்டுமென்று முன்பே கேட்டிருந்தேன்.

"இன்னா மேடம், அலை கிலைன்னு கதை வுடுறீங்க?" சூப்பர்வைசர் சிரித்தார்.

"நீங்களே வாக்கிடாக்கியோட அந்த அடுக்குக்குப் பின்னால போய் நில்லுங்க சார். நான் கூப்பிடுறேன்."

போனார். மேனேஜரைப் பக்கத்தில் நிற்கவைத்து, தொண்டை வறளக் கூப்பிட்டேன். பதிலே இல்லை. கடைசியில் சூப்பர்வைசரே எரிச்சலோடு வெளியே வந்தார்.

"இன்னும் கூப்புடவே இல்ல? எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருக்கறது?"

மேனேஜர் தலைகுனிந்தார்.

செல்வி அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் கோபமும் அடங்கவில்லை. ரிப்பீட்டர் இன்னும் வரவில்லை. அது வரும்வரை அந்தப் பக்கம் கிரேன் ஓட அனுமதிச் சீட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.