எலி அறை அக்கா

உள்ளேயிருந்து கதவு திறக்க ஆள் கிடையாது என்று தெரிந்தும், எலி அறைக்கு வெளியே நின்று இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நுழைவார் அக்கா. "திடுதிப்புனு போய் நின்னா யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?" என்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்த காவலாளிக்கும்.

கூண்டு கழுவுவது, மரச்சீவல் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது அவர் வேலை. முகமூடிக்குள்ளிருந்து எலிகளை நோக்கி ஓயாமல் பேச்சு வரும். "ஏண்டா, நேத்து போட்டது அப்படியே கெடக்கு? என் சமையலா இது, கொறை சொல்றதுக்கு?" வீட்டில் இப்படிப் பேச ஆளில்லை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், கூடத்தில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. அதில் என்ன ஓடியது என்று கேட்டால் விழிப்பார்.

வெள்ளை எலி ஒன்றுக்குத் 'தொரை' என்று பெயர் வைத்திருந்தார். தனிக் கூண்டு, பிடரியில் மெல்லிய குழாய். மஞ்சள் விளக்கு எரியும்போது விசையை மிதித்தால், குழாய் வழியே போதை தரும் ஊக்கமருந்து இறங்கும். ஆரம்பத்தில் தொரை எப்போதாவது மிதித்தது. பிறகு தீனியை மறந்து மிதித்தது. மருந்தை நிறுத்திய பிறகும், விளக்கு எரிந்தால் போதும், ஓடிவந்து மிதித்தது.

"அவ்வளவு ருசியாவா இருக்கு அது?" என்று ஆய்வு நடத்தும் பெண்ணிடம் கேட்டார் அக்கா.

"முதல்ல சுகமா இருந்திருக்கும்க்கா. மூளைக்குள்ள டோபமைன்னு ஒண்ணு சுரக்கும். நல்ல சாப்பாட்டுக்கும் சுரக்கும். இந்த மருந்து அதை வெள்ளமா தேங்க வச்சிடும். போகப்போக விளக்கைப் பார்த்தாலே பொங்கும். சுகம் கொறைஞ்சிடும். வேணும், வேணும்ங்கிறது மட்டும் நிக்கும்."

கையிலிருந்த புட்டியைத் திருகி மூடினார் அக்கா. "என் தம்பியும் இதையேதான் சொன்னான். 'பிடிக்கலைக்கா, ஆனா விட முடியலை'ன்னு. நடிக்கிறான்னு வீட்ல ஒருத்தரும் நம்பலை."

லாரி ஓட்டியவன். தூங்காமலிருக்க மாத்திரையில் தொடங்கி, போதைப்பொடியில் போய் நின்றவன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்து போனான். இருக்கிறானா இல்லையா, தெரியாது.

அடுத்த சோதனையில் தொரைக்கு இரண்டு வழி வைத்தார்கள். ஒரு விசையை மிதித்தால் மருந்து. இன்னொன்றை மிதித்தால் சின்னக் கதவு திறக்கும், அந்தப் பக்கம் வேறோர் எலி. ஒன்றைத் தொட்டால் மற்றது கிடையாது. புது எலிக்கு அன்றே 'மச்சான்' என்று பெயர் விழுந்தது.

"மருந்துக்குத்தான் போகும், பாத்துக்கிட்டே இரு" என்று அக்கா கூண்டு கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அக்கா, இங்க வாங்க, வாங்க!"

கதவு திறந்திருந்தது. தொரை மச்சானின் காதை முகர்ந்துகொண்டிருந்தது. மறுநாளும் கதவைத்தான் திறந்தது. அதற்கடுத்த நாளும்.

"எல்லா எலியுமே இப்படியா?"

"பெரும்பாலும் இப்படித்தான்க்கா. துணை கெடைச்சா."

"அறைக்குள்ள வச்சுப் பூட்டினோமே என் தம்பியை" என்றார் அக்கா, யாரிடம் என்றில்லாமல். "தனியா."

ஆய்வு முடிந்தது. மூளையை எடுத்துப் பார்த்தால்தான் அது முழுமையாகும். தொரையை எடுத்துப் போனார்கள். அக்காவுக்குத் தெரியாத வழக்கமல்ல. இருந்தும் அன்று வாய் திறக்காமல் கூண்டு கழுவினார். மச்சான் அந்தச் சின்னக் கதவின் இடுக்கில் மூக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் காவலாளி சாவிக்கொத்தோடு எட்டிப் பார்த்தார். "பூட்டலாமாக்கா?"

"மத்ததைப் பூட்டிட்டு வாங்க. இங்க கொஞ்சம் வேலை இருக்கு."

வேலை எதுவும் மிச்சமில்லை. மச்சானின் கூண்டு மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, மரச்சீவல்மேல் விரித்து வைத்தார். பிடிக்கவில்லை, தடவவில்லை. மச்சான் வந்து முகர்ந்தது, போயிற்று, திரும்பி வந்தது. கடைசியில் மணிக்கட்டின்மேல் தலையைச் சாய்த்துப் படுத்தது. தாழ்வாரத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் நெருங்கி வந்தது. கை மரத்துப்போயிருந்தது. அக்கா விரலைக்கூட அசைக்கவில்லை.