வலித்தால் மருந்து பிடிக்கிறது

ஜெர்மனியில் "அல்லெஸ் கூட்?" என்று நலம் விசாரித்தால், நாம் சொல்லும் பதிலை அப்படியே நம்பிவிடுகிறார்கள். இன்று காலை அழுது வீங்கிய கண்ணோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். கூட வேலை பார்க்கும் ஹெல்கா கேட்டாள். நல்லாருக்கேன் என்றேன். சந்தோஷம் என்று தன் மேசைக்குப் போய்விட்டாள். அட பாவி மகளே! மதுரையாக இருந்தால், காளவாசல் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் முன்பின் தெரியாத அக்காகூட, "எங்க, மூஞ்சியக் காட்டு" என்று கேட்காமல் விடாது.

என் வேலை எலிகளின் வலியைப் பார்ப்பது. மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டால், வலிக்கிற எலி காலைத் தூக்கிக்கொள்ளும். புற்றுநோய் செல்கள் பல, பிடி-எல்1 என்ற மூலக்கூறைக் காட்டி நம் எதிர்ப்பு அணுக்களை 'சும்மா கிட' என்று அமர்த்தி வைக்கின்றன. அதே மூலக்கூறு வலியை உணரும் நரம்பையும் அமர்த்துகிறது. அதைத் தடுக்கும் ஊசி போட்டால் எதிர்ப்பு அணுக்கள் எழுந்து புற்றோடு சண்டைக்குப் போகும். எலிகளில் சில சமயம் நரம்பும் சேர்ந்து விழித்துக்கொள்கிறது. மனிதர்களில் எப்படி என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு நுரையீரலில் புற்று. போடுவது அந்த வகை ஊசிதான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அது என்ன மருந்து என்று கேட்டார். இவ்வளவையும் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த லேத்தைக் காட்டி, "அம்புட்டுத்தானத்தா? உளி இரும்பக் கடிச்சாத்தான் சத்தம் வரும். சத்தமில்லேன்னா சும்மா சுத்துதுன்னு அர்த்தம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்று காலை மதினி போனில் அழுதார். "இடுப்பு, காலெல்லாம் வலின்னு முனங்குறாக. டாக்டர் கேட்டா வலியே இல்லைங்குறாக. முன்ன குடுத்த வலி மாத்திரையத் திங்காம டப்பாவுல போட்டு வச்சிருக்காகம்மா."

மத்தியானம் ஆய்வகத்து நடைபாதையில் நின்று அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். திரை நிறைய அவர் முகம்தான்.

"நல்லாருக்கேன்த்தா."

"மதினி எல்லாம் சொல்லிருச்சு."

"வலிக்கட்டும்த்தா. மருந்து கடிக்குதுல்ல! டாக்டர்ட்ட சொன்னா ஊசிய நிறுத்திருவாக."

"அண்ணே, வலி மருந்தாலயா, நோய் எலும்புக்குப் போயிருச்சான்னு தெரியணும்ல? நீ சொன்னாத்தான அவுக படம் எடுத்துப் பாப்பாக?"

"நரம்பு முழிச்சுக்கும்னு நீதான சொன்ன?"

"எலியில பாத்ததுண்ணே அது!"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போனக் கீழ திருப்பு. காலக் காட்டு" என்றேன்.

வெகு நேரம் கழித்துத் திருப்பினார். ஒரு கை லேத்தின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கால் தரையில் படவே இல்லை. எலி அப்படித் தூக்கினால் 'வலி' என்று குறித்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவேன். இங்கிருந்து எந்தக் கூண்டுக்குப் போவது?

ஹெல்கா காப்பிக் கோப்பையோடு என்னைக் கடந்தாள். "அல்லெஸ் கூட்?"

"நல்லால்ல," என்று வாய்விட்டுச் சொன்னேன், தமிழில். அவளுக்குப் புரியவில்லை. தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். புரிந்த ஒரே ஆள் அங்கே ஒற்றைக் காலில் நின்றபடி, போனை மறுபடி தன் முகத்துக்குத் திருப்பினார்.

"அழாதத்தா. நான் நல்லாத்தான இருக்கேன்."