ஒன்பதாம் இலக்கத்துக்கு ஒரு விழா

என் கணவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். மன்னாரிலிருந்து கலியாணத்துக்கென்று வந்திறங்கி, சுவிசில், ஓஸ்டர்முண்டிகனில் அவருடைய இரண்டறை வீட்டில் குடிபுகுந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர்களைக் கண்டேன். மத்தியானம் நாலைந்து ஆண்கள் மணி அடித்தார்கள். சப்பாத்தைக் கழற்றினார்கள், சோபாவில் இருந்தார்கள், நான் சமைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து, "அக்கா, நீங்கள் ஆரைக் கட்டியிருக்கிறியள் எண்டு உங்களுக்குத் தெரியாது" என்றார்கள்.

உண்மைதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார், முழங்காலில் நோ இருக்கிறது, நித்திரையில் குறட்டை விடுகிறார் என்பதுதான். அவர்கள் சொல்லித்தான் மற்றது தெரியவந்தது. எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் கூடைப்பந்து என்றால் அவர்தானாம். ஒன்பதாம் இலக்கச் சட்டை. பாடசாலைகளுக்கிடையிலான இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்னுக்கு நிற்கிறார்கள், இவர் பந்தை எறிகிறார், பந்து கூடைக்குள் விழ விசில் ஊதுகிறது.

இந்தக் கதையை நான் ஞாயிறு தவறாமல் கேட்டேன். முதல் வருசம் அவர் கூடைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று எறிந்தார். அடுத்த வருசம் நடுக்கோட்டில் நின்றார். நான் மூத்த பிள்ளையைப் பெற்றுக்கொண்டு ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தபோது, பந்து மைதானத்தின் மற்றப் பாதியிலிருந்து புறப்படத் தொடங்கியிருந்தது. இவர் கோப்பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "விடுங்கோடா, பழங்கதை" என்பார். அவர்கள் விடமாட்டார்கள் என்பது தெரிந்துதான் சொல்லுவார். அந்தச் சிரிப்பை நான் முதலில் அடக்கம் என்று நினைத்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கப் பழகினேன்.

அந்தக் கூட்டத்தின் தலைவர் ஒரு கடைக்காரர். பேர்ண் நகரில் மரக்கறி, மீன், வீடியோ கசற் எல்லாம் விற்பார். அந்த இறுதி ஆட்டத்தில் அவருக்கிருந்த பங்கு, என் கணவரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. "அண்ணையின்ர சைக்கிள் என்ர கையிலதான் இருந்தது" என்று, ஏதோ சந்திரனுக்குப் போன கப்பலின் சுக்கானைப் பிடித்தவர்போல் சொல்லுவார்.

தொண்ணூற்றைந்தில் சண்டையால் யாழ்ப்பாணம் முழுதும் இடம்பெயர்ந்ததே, அதற்கு அடுத்த வருசம், மாரிகாலம். கடைக்காரர் ஒரு திங்கட்கிழமை கண் கலங்கிப்போய் வந்தார். வெள்ளைக்காரச் சிநேகிதர் ஒருவர் அவரை ஃப்ரிபூர்க்குக்குக் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே விளையாட்டை விட்டுவிட்ட ஒரு அமெரிக்கனின் சட்டையை, வெளிச்சத்தை எல்லாம் அணைத்துவிட்டு, மண்டபத்தின் முகட்டுக்கு ஏற்றினார்களாம். அந்த இலக்கத்தை இனி அந்தக் கழகத்தில் ஒருவரும் போடமாட்டார்களாம். சனம் எழும்பி நின்று அழுததாம்.

"அண்ணைக்கும் நாங்கள் இதைச் செய்யவேணும்" என்றார்.

எந்த முகட்டில், எந்தக் கழகத்தில் என்று யாரும் கேட்கவில்லை. என் கணவர், "சும்மா இருங்கோ, எனக்கென்னத்துக்கு?" என்றார். அன்று பின்னேரமே கண்ணாடிக்கு முன் நின்று வயிற்றை எக்கிப் பார்த்ததை நான் கண்டேன். அந்தச் சனிக்கிழமை வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கிவந்தார்.

ஆயத்தக் கூட்டங்கள் எங்கள் வீட்டில்தான் நடந்தன. தேத்தண்ணி என்னுடையது. ஒருநாள் நான் தட்டத்தை வைத்துவிட்டு, "அந்த அணியில விளையாடின மற்ற ஆக்களையும் கூப்பிடலாமே" என்றேன். ஒருவர் கனடாவில், இரண்டு பேர் லண்டனில், ஒருவர் உயிரோடு இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"இஞ்ச சுவிசில ஒருத்தரும் இல்லையோ?"

தேத்தண்ணியை உறிஞ்சினார்கள். பிறகு கடைக்காரர், "லா ஷோ-து-ஃபோனில ஒருத்தன் இருக்கிறான். மணிக்கூட்டு ஃபக்டரியில வேலை. அவன் வரமாட்டான்" என்றார்.

"ஏன்?"

"அவன் வேற ஆக்கள், அக்கா" என்றார், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுபோல் சாதாரணமாக.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பிஸ்கற்றைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்குப் பக்கத்துப் பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபம் கிடைத்தது. அதன் பொறுப்பாளர், எல்லாரும் அப்வார்ட் என்று கூப்பிடுகிற சுவிஸ்காரர், வாசலிலேயே நின்றார். வெளிச் சப்பாத்தோடு ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்றார். ஆகவே கோட்டும் சூட்டும் ரையுமாக வந்த ஆண்கள் எல்லாரும் காலுறையோடு நடந்தார்கள். ஒருவரின் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. காஞ்சிபுரம் கட்டிய பெண்கள் குளிரில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். மண்டபத்தில் சப்பாத்தோடு நின்ற ஒரே ஆள் என் கணவர்தான். புதுச் சப்பாத்து என்றபடியால் அப்வார்ட் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

முகட்டில் ஆணி அடிக்கவோ கயிறு கட்டவோ விடமாட்டேன் என்று அவர் முதலே சொல்லியிருந்தார். பிள்ளைகள் தொங்கி ஆடுகிற வளையங்கள் இரண்டு அங்கே இருந்தன. அவற்றை இறக்கி, நடுவில் தடி கட்டி, சட்டையை உடுப்புக் கொழுவியில் மாட்டித் தொங்கவிட்டார்கள். சட்டையும் அவருடைய சட்டை இல்லை. அது யாழ்ப்பாணத்தில் என்ன ஆனதோ. இது பேர்ணில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கி ஒன்பது என்று அச்சடித்தது. நிறம் கடுநீலமா கறுப்பா என்பதில் அவர்களுக்குள் சண்டை வந்து, கடைசியில் கடையில் இருந்த நிறத்தை வாங்கினார்கள்.

விழா பேச்சுகளோடு தொடங்கியது. ஒவ்வொருவரும் என் கணவரைப் பற்றிப் பேச ஏறினார்கள், தங்களைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார்கள். ஒருவர் தான் அந்த ஆட்டத்துக்கு மதில் ஏறிப் பாய்ந்ததைச் சொன்னார். ஒருவர் தன் தகப்பனார்தான் பாடசாலைக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர் என்றார். கடைக்காரர் சைக்கிளைப் பிடித்தார்.

"இந்த ஒன்பதாம் இலக்கத்தை இனி எந்த வீரனும் அணியக்கூடாது!" என்று அவர் ஒலிவாங்கியில் முழங்கியபோது மண்டபம் அதிர்ந்தது. அணிவதற்கு அணி எங்கே இருந்தது? அந்தப் பாடசாலை மைதானத்தில் கூடைக் கம்பத்தில் கொடி கட்டி யாரோ உடுப்புக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று அந்த மாதம்தான் ரெலிபோனில் கேள்விப்பட்டிருந்தோம். கைதட்டியவர்களும் அதைக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரின் முதல் ரசிகை நானாம். அவர் ஒரு பந்தை எறிந்து நான் அதுவரை கண்டதில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன், கால் விறைத்துப்போய்.

சட்டையை ஏற்றுவதற்கு முதல் கடைக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. "அண்ணை, அந்தப் பந்தை ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. சனம் பாக்கட்டும்." பந்தைக் கையில் திணித்தார்கள். வீடியோக்காரர் முழங்காலில் குந்தினார்.

என் கணவர் கோட்டைக் கழற்றினார். நடுக்கோட்டில் நின்று எறிந்தார். பந்து கூடைக்குக் கிட்டவும் போகவில்லை. சனம் கைதட்டியது. "கொஞ்சம் கிட்ட வாங்கோ அண்ணை." வந்தார். எறிந்தார். பந்து பலகையில் பட்டுப் பேச்சாளர்களின் மேசையில் விழுந்து தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்தது. அதற்கும் கைதட்டல். "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட. கமெராவுக்கு ஒண்டு காணும்." கடைசியில் கூடைக்கு நேரே கீழே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்தும் போகவில்லை. ஒருவர் கதிரை கொண்டுவர ஓடினார்.

அதுவரை எனக்கு அவர்மேல் வெட்கமாக இருந்தது. கதிரையைக் கண்டதும் வெட்கம் ஆத்திரமாக மாறியது. ஒரு மனிசனைக் கதிரையில் ஏற்றி, கூடைக்குள் பந்தை வைக்கச் சொல்லிப் படம் பிடிக்கப்போகிறார்கள். அவர் இவர்களுக்குத் தேவையே இல்லை. பந்து ஒருதரம் உள்ளே விழுந்தால் காணும்.

அவரும் கதிரையைப் பார்த்தார். பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒலிவாங்கியைத் தரச் சொன்னார்.

"அந்தப் பந்து நான் போட்டதில்லை" என்றார்.

சனம் சிரித்தது.

"பகிடி இல்லை. எனக்குக் கால் மடங்கி வெளியில இருத்திப்போட்டினம். என்ர இடத்துக்கு இறங்கின பெடியன்தான் போட்டது." அவனுடைய பெயரையும் சொன்னார். "இப்ப லா ஷோ-து-ஃபோனில இருக்கிறான். நான் போடேல்லை. அவன்தான்."

நான் சனத்தைப் பார்த்தேன். பிறகு முன்வரிசையில் ஒருவர் எழும்பி நின்று கைதட்டினார். மற்றவர்களும் எழும்பினார்கள். கடைக்காரர் பாய்ந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"பாத்தியளோ அண்ணையின்ர பெருந்தன்மையை! தன்ர வெற்றியைக்கூட இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுக்கிறார்! இதுக்குப் பேர்தான் விளையாட்டு வீரன்!"

அன்று முழுதும் அதுபோல் கைதட்டல் எழவில்லை. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என் கணவர் கக்கத்திலிருந்த பந்தைக் கீழே வைத்தார். அப்வார்ட், வளையங்களை ஏற்றி இறக்க சுவரிலிருந்த சுழற்றியில் சாவியைப் போட்டுச் சுற்ற, சட்டை ஆடி ஆடி மேலே போனது. பின்னேரம் ஆறு மணிக்கு மண்டபத்தை விடவேணும், அடுத்தநாள் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு. ஆகவே எல்லாரும் றோல்ஸ் சாப்பிட்டு முடிய, அதே ஆள் அதே சாவியால் சட்டையைக் கீழே இறக்கினார்.

பஸ்சில் வரும்போது நான்தான் தொடங்கினேன். "உண்மையோ?"

"ஓம்."

"பிறகேன் இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தனீங்கள்?"

யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆட்டம் முடிந்ததும் சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டதாம். வெற்றி என்றால் ஆரையாவது தோளில் தூக்கவேணும். "அவனைத் தூக்க ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. தொடவேணுமே. நான் வெளியில வாங்கில காலை நீட்டிக்கொண்டு இருந்தனான். என்னைத் தூக்கிச்சினம். பாடசாலை வரைக்கும் தூக்கிக்கொண்டு போச்சினம்."

"அவர்?"

"பின்னால நடந்து வந்தவன்."

"நீங்கள் இறங்கியிருக்கலாம்" என்றேன்.

"கால் நோ" என்றார்.

அதற்குமேல் நான் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் பஸ்சில் இருந்த சுவிஸ்காரர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீடியோ கசற்றோடு வந்தார்கள். எல்லாம் நன்றாக வந்திருந்தது. என் பொன்னாடை, கடைக்காரரின் பேச்சு முழுவதும், பெருவிரல் தெரிந்த காலுறை. என் கணவர் ஒலிவாங்கியைப் பிடித்த இடத்தில் மட்டும் அவருடைய குரல் இல்லை. நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். அவர் வாய் அசைகிறது, நாதஸ்வரம் கேட்கிறது.

"சத்தம் எங்க?" என்று கேட்டார்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, கனடாவுக்கும் லண்டனுக்கும் கசற் போகுது. உங்கட பெருந்தன்மை எங்களுக்கு விளங்கும். வெளியில சனம் பிழையா விளங்கும். அவங்களைக் கொண்டுவந்து இதுக்குள்ள ஏன்?"

என் கணவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ரீவியைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய், மேசைக்குக் கொண்டுவர எடுத்து வைத்த கோப்பைகளைத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினேன். சத்தம் வரத்தான் அடுக்கினேன். "இண்டைக்கு நான் சமைக்கேல்லை" என்று வந்து சொன்னேன். வீடு முழுதும் கோழிக்கறி மணத்தது. ஒவ்வொருவராக எழும்பிச் சப்பாத்தைப் போட்டார்கள். அதன்பிறகு அவர்கள் மணி அடித்தால் நான்தான் கதவுக்குப் போனேன். சில கிழமைகளில் வரவு நின்றது. சோறில்லாத இடத்தில் ரசிகர்கள் அதிக காலம் நிற்கவில்லை.

லா ஷோ-து-ஃபோன்காரரின் ரெலிபோன் இலக்கத்தைத் சேர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு வருகிற ஒரு பெண்ணிடம் நான்தான் எடுத்துவந்தேன். என் கணவர் அதை ஒரு மாதம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் ரெலிபோன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மற்றப் பக்கத்துக் குரலும் கேட்டது.

தான் ஆரென்று சொன்னார். விழா நடந்ததைச் சொன்னார். "அந்தப் பந்து நீ போட்டதெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன்" என்றார்.

அந்தப் பக்கம் ரேடியோவை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் போட்டதெண்டு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமோ?" என்று அவர் கேட்டார்.

என் கணவர் ரெலிபோன் வயரை விரலில் சுற்றினார்.

"வேற என்ன?" என்றார் அவர். இவர் "வேற ஒண்டுமில்லை" என்றார். ரெலிபோன் வைக்கப்பட்டது.

"கோவமாக் கதைக்கேல்லை என்ன?" என்று என்னைக் கேட்டார் என் கணவர். கோபப்படும் அளவுக்கு அவர் உங்களை மதிக்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பிள்ளை அழுதது, போய்விட்டேன்.

அடுத்த மாரியில் ஷ்லீரனில் ஒரு பழைய உதைபந்தாட்டக்காரருக்கு அதேபோல் விழா எடுத்தார்கள். கடைக்காரர்தான் தலைமை. எங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்து அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சேர், ஒருக்காப் போட்டு வருவமோ?"

"நீங்கள் போங்கோ" என்றேன்.

போனார். கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. முன்வரிசையில் இருத்தினார்களாம்.