கட்டிலுக்கடியில் இஞ்சி பீர்

கிறிஸ்துமஸுக்குக் கேக் இல்லாமல் போன வருடம் எங்கள் வீட்டில் உண்டு. இஞ்சி பீர் இல்லாமல் போனதில்லை. பெயரில்தான் பீர். இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, வெதுவெதுப்பாக ஆறியதும் ரொட்டிக்காரரிடம் வாங்கிய ஈஸ்டைக் கொஞ்சம் கரைத்துவிட வேண்டும். புட்டியில் ஊற்றித் தக்கையை அடைத்துச் சணலால் இறுகக் கட்டினால் உள்ளே காற்று உண்டாகும். திறந்தால் சோடா மாதிரி பொங்கும். போதை ஏறும் அளவுக்கு நாங்கள் அதைப் புளிக்கவிடுவதில்லை. ஆனாலும் மதுவிலக்குக் காலம் என்பதால் வெளியாரிடம் இஞ்சித் தண்ணி என்றுதான் சொல்வோம்.

ஒவ்வொரு புட்டியிலும் சில உலர்ந்த திராட்சைகளைப் போடுவது அம்மாவின் வழக்கம். திராட்சை அடியில் கிடந்தால் இன்னும் ஆகவில்லை. மேலே ஏறிவிட்டால் தயார். உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் காற்று சேர்ந்துகொண்டே போகும்.

அந்த வருடம் அக்கா பிரசவத்துக்காக ஓசூருக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. நான் கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் சோதிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். பண்டிகை விடுப்பில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா புட்டிகளைக் காட்டிப் புலம்பினாள். திராட்சை ஏறவே இல்லை. ஓசூரின் டிசம்பர் குளிர் அப்படி. தேங்காய் எண்ணெயே கல்லாகிவிடும். ஈஸ்ட் என்ன செய்யும்?

வீட்டில் வெப்பமான இடம் ஒன்றுதான் இருந்தது. அக்காவும் குழந்தையும் படுத்திருந்த அறையில் மண்சட்டியில் கரி போட்டுக் கணப்பு வைத்திருந்தோம். கதவும் சன்னலும் எப்போதும் சாத்தியே இருக்கும்.

"அங்க வெச்சா ஏறிடும்டி" என்றாள் அம்மா.

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஈஸ்டுக்கு வெப்பம் வேண்டும் என்று படித்தவள்தானே நான். இருவருமாகப் புட்டிகளைக் கொண்டுபோய் அக்காவின் கயிற்றுக் கட்டிலுக்கடியில், தலைமாட்டுப் பக்கம் நெருக்கி நிறுத்தினோம். மிஞ்சியது மட்டும் ஒரு பழைய மருந்துப் புட்டியில் சமையலறை அலமாரியிலேயே இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து, பாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பால்காரம்மா காலையில் பால் அளந்துகொண்டிருந்தபோது அந்த மருந்துப் புட்டி வெடித்தது.

"ஏனாய்த்தம்மா?" என்று, என்ன ஆயிற்றோ எனக் கன்னடத்தில் அலறியவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "இஞ்சித் தண்ணி, இஞ்சித் தண்ணின்னு சொல்லிட்டு உள்ள குண்டா செய்யறீங்க? போலீசு வந்தா நான் பால் ஊத்தத்தான் வந்தேன்னு சொல்லிப்புடுவேன், ஆமா."

அம்மாவும் சிரித்தாள். நான் எதிர் மூலையில் கிடந்த பரங்கிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடிச் சில்லு அதற்குள் பாதிவரை இறங்கியிருந்தது.

"குளிர்ல இருந்ததே வெடிச்சிருக்கேம்மா. அதுல என்ன போட்ட?"

"ஏறலையேன்னு எல்லாப் புட்டியிலயும் இன்னொரு பங்கு சர்க்கரையும் ஈஸ்டும் போட்டேன். நீ வர்றதுக்கு முன்னாடியே..." சொல்லும்போதே அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் வெளிச்சத்தைக் காட்டினேன். பழுப்புக் கண்ணாடிக்குள் எல்லாத் திராட்சைகளும் மேலே ஏறி, கழுத்தில் அடைத்துக்கொண்டு நின்றன. தக்கைகள் சணலை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. அக்காவின் பாரத்தில் தொய்ந்திருந்த கட்டில் கயிற்றுக்கும் அந்தத் தக்கைகளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், அவ்வளவுதான்.

பயம் வந்தால் என் மனம் வரிசை போடத் தொடங்கிவிடும். முதலில் குழந்தை. பிறகு அக்கா. பிறகு கணப்பு. பிறகு சன்னல். புட்டியை யாரும் தொடக் கூடாது.

"கீழ என்னடி தேடற?"

"ஒண்ணுமில்ல. பாப்பாவைக் குடு, பால்காரம்மா பாக்கணுங்கறாங்க."

"நேத்துத்தானே பாத்தாங்க. இப்பத்தான் தூங்குது, குளிர்ல தூக்கிட்டுப் போகாத." அக்கா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

கணப்பில் ஒரு கரி பட்டென்று தெறித்தது. என் கையிலிருந்த டார்ச் தரையில் விழுந்து உருண்டது. அதற்குமேல் எதையும் மறைக்க முடியவில்லை.

"அக்கா, எந்திரிக்காத. அப்படியே இரு. கீழ இருக்கற புட்டி வெடிக்கப் போவுது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தி, தோளைக்கூட உயர்த்தாமல் என் பக்கம் நீட்டினாள். கட்டிலில் முழங்கால் படாமல் எட்டி வாங்கிக்கொண்டேன். அறை வாசற்படியில் நின்ற பால்காரம்மாவின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. தன் கம்பளியை விரித்து வாங்கி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"கால்மாட்டுக்கு நகரு. மெதுவா. அந்தப் பக்கம் அம்மா பிடிச்சுக்குவா."

கயிறு முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் அக்கா நின்றாள். தையல் வலியில் உதட்டைக் கடித்திருந்தாள். என் பின்னாலேயே வந்திருந்த அம்மா கால்மாட்டில் நின்று கையை நீட்டியபடி வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. தலைமாட்டில் பாரம் குறையக் குறையக் கயிறு மேலே ஏறி, தக்கைகளை விட்டு விலகியது. கடைசியில் அம்மா அவள் அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்து வெளியே கொண்டுபோனாள்.

சன்னலைத் திறந்தேன். பழந்துணியால் கணப்புச் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினேன். என் முதுகுக்குப் பின்னால் முதல் புட்டி வெடித்தது. அதன் அதிர்ச்சியிலோ என்னவோ, அடுத்தடுத்து இன்னும் இரண்டு. சட்டியைக் கீழே போடாமல் கொல்லைவரை எப்படிக் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை.

அறை குளிர்ந்து அடங்கும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு ஈரச் சாக்கோடு நான் மட்டும் போனேன். மீதிப் புட்டிகளைச் சாக்கால் மூடி, கோணி ஊசியைத் தக்கை வழியே இறக்கிக் காற்றை வெளியே விட்டேன். ஒவ்வொன்றும் சீறி அடங்கியது. நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தேன். குழந்தை கிடந்த இடத்தில் மெத்தை கிழிந்து, பஞ்சுக்கு நடுவே ஒரு சில்லு நின்றுகொண்டிருந்தது.

அடுப்படியில் அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால்காரம்மா பக்கத்திலேயே குந்தியிருந்தார். மற்ற வீடுகளுக்குப் பால் ஊற்றப் போகவில்லை. நான் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கி, துணியை அவிழ்த்தேன்.

"என்னடி பண்ற?"

தலை, காதுக்குப் பின்புறம், கழுத்து மடிப்பு, கைகள், வயிறு, தொடை மடிப்பு, உள்ளங்கால், விரலிடுக்குகள்.

"பொண்ணு வெளிய என்கிட்டத்தானே சின்னம்மா இருந்துச்சு" என்றார் பால்காரம்மா மெல்ல. "அதுக்கு ஒண்ணும் ஆகல."

தெரியும் என்றேன். குழந்தை குளிரில் சிணுங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. மறுபடியும் தலையிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.