வாய் மட்டும் கோணல்

துணிகளை அளவு திருத்தித் தரும் கடையில் அவள் தையல்காரி. அதிகம் பேசமாட்டாள்; கண் மட்டும் ஓயாது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலர் ஒரு நூல் இறங்கியிருந்தால்கூட, தன் நிறுத்தம் வரும்வரை அவளுக்கு நிலைகொள்ளாது.

துணியில் உள்ள கோணலை மட்டும்தான் பொறுக்கமாட்டாள் என்றில்லை. மகளுக்குப் பேச்சு திக்கும். சொல் பாதியில் நின்றால் அம்மாவே முடித்துக் கொடுத்துவிடுவாள்.

'நான் யார்' என்பதை எழுத்தே இல்லாமல் துணியில் தைத்துக் கொண்டுவரும்படி ஓவிய ஆசிரியை சொல்லியிருந்தார். மகள் தன் முகத்தையே தைத்தாள். யாரையும் கிட்டே விடவில்லை. கொண்டுபோக வேண்டிய நாள் காலை, துணியை மேசையில் விரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். கண், மூக்கு, பின்னல் எல்லாம் அழகு. வாய்தான் தாறுமாறு. ஒரு தையல் நீளம், ஒன்று குட்டை, நடுவே வெற்றிடம், ஒரு முடிச்சு. பிள்ளைக்குக் கை தடுமாறியிருக்கிறது, வகுப்பில் சிரிப்பார்களே என்று மனம் கேட்கவில்லை. பிரித்து, அதே சிவப்பு நூலால் சீராகத் தைத்துவிட்டாள்.

ஈரத்தலையோடு வந்த மகள் அப்படியே நின்றாள்.

"எ... என் வாயை என்னம்மா பண்ணின?"

"கோணலா இருந்துச்சு, செல்லம். நேராக்கிட்டேன்."

"நான் பே... பேசுறது அப்படித்தானேம்மா இருக்கு?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷூ மாட்டிக்கொண்டிருந்த அப்பா, "உங்கம்மா கோணலா இருக்கட்டும்னு விட்டு வெச்சது என்னை மட்டுந்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக வெளியே நழுவினார்.

அம்மா அவசரமாகப் பிரித்து, பழையபடி கோணலாகத் தைக்கப் பார்த்தாள். கை கேட்டால்தானே? ஒரு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை என்று ஒழுங்காக வந்து நின்றது.

"தலையணை உறை பா... பார்டர் மாதிரி இருக்கும்மா." மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி கடிகாரத்தைப் பார்த்து முகம் சுருங்கியது.

"நீயே தைச்சிடு. நான் தொடமாட்டேன்."

மகள் உட்கார்ந்து அதைப் பிரித்தாள். முதலில் தைத்த ஊசித் துளைகள் துணியில் இன்னும் தெரிந்தன. அவற்றின் வழியாகவே ஊசியை விட்டாள். அம்மா எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி முடிச்சையும் போட்டாயிற்று. நூலை வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

"கத்... கத்..."

என்ன சொல் என்று அம்மாவுக்குத் தெரியும். கத்தரிக்கோல் அவள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"கத்... கத்தரிக்கோலைக் குடும்மா."

எடுத்துக் கொடுத்தாள்.