இரண்டாவது மஞ்சள் ஊசி

ஜின்ஜாவில் நாய், பூனைகளுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறவர்கள் நாங்கள் நான்கு பேர். மாதத்தின் கடைசி சனிக்கிழமை மூன்று மணிக்கு யாராவது ஒருவருடைய கிளினிக்கில் கூடுவோம். யார் முறையோ அவர் தேநீர் போட்டு, வேர்க்கடலை வறுத்து, தன் கையில் தவறிப்போன ஒரு கேஸை முதலில் சொல்ல வேண்டும். பிழைத்த நாய்களின் கதைக்கு அங்கே இடமில்லை. கேட்கிறவர்களில் யாராவது "நானா இருந்திருந்தா" என்று வாயைத் திறந்தால் அன்றைக்குக் கோப்பைகளை அவர்தான் கழுவ வேண்டும்.

லைசென்ஸ் புதுப்பிக்க வருடத்துக்கு இத்தனை மணி நேரம் படித்ததாகக் காட்ட வேண்டும். தலைநகர் கம்பாலாவில் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போனால் எங்கள் ஊரில் இல்லாத ஸ்கேன் மெஷினைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசி அனுப்புகிறார்கள். அப்படி ஒரு முறை திரும்பி வரும்போது, பஸ்ஸிலேயே இந்தக் கூட்டத்துக்கு விதிகளை எழுதியவர் புரோஸ்கோவியா நபிரியே. வருகைப் பதிவேட்டை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். பத்து வருடம் அரசு வேலையில் ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, அதை உதறி நாய் கிளினிக் திறந்தபோது அவருடைய அண்ணன், "மாட்டைப் பாத்தா பால் கிடைக்கும், நாயைப் பாத்தா கடிதான் கிடைக்கும்" என்றாராம். அந்தக் கிளினிக் இருக்கும் இடம் முன்பு சிகையலங்காரக் கடையாக இருந்தது. மூன்று சுவர்களிலும் ஆளுயரக் கண்ணாடி. கழற்றினால் சுவர் பெயர்ந்து வரும் என்று அப்படியே விட்டுவிட்டார். வருகிற நாய் தன்னையே பார்த்துக் குரைத்து ஓய்ந்த பிறகுதான் மேஜை ஏறும். அதிகாலையில் போனில் எங்கோ நடந்த வகுப்பைக் கேட்டு, புரிந்ததை மருந்துப் பெட்டி அட்டையில் எழுதி, கண்ணாடி விளிம்பில் செருகி வைப்பார். அந்த அட்டைகளுக்கு நடுவே நம் முகம் துண்டு துண்டாகத் தெரியும்.

மார்ச் மாதம் அவருடைய முறை. ஊசிநூலை விழுங்கிய பூனையைப் பற்றிச் சொல்லப்போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் வியாழக்கிழமை நான் பதிவேட்டைக் காட்டப் போனபோது, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நாயின் மடித்த சிகிச்சைக் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

எங்கள் ஊரில் ஒரு நாய் ஈறு வெளுத்து, காய்ச்சலோடு சுருண்டு கிடந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதற்கு ஒரு மஞ்சள் ஊசி உண்டு. ஒரு தடவை போட்டால் நாய் எழுந்து நடக்கும். சில நாட்களுக்குள் இன்னொரு தடவை போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். நாங்கள் எல்லோரும் முதல் வருடமே படித்த விஷயம் அது.

ஆசிரியர் வைஸ்வாவின் நாய்க்குப் பெயர் மினிஸ்டர். நாள் முழுக்கத் தூங்கி, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் குரைக்குமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். புரோஸ்கோவியா மஞ்சள் ஊசி போட்டார். செவ்வாய்க்கிழமை நாய் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கண்மணிகள் இடமும் வலமும் துடிக்க, இறந்துபோனது. அடுத்த வாரம் வைஸ்வா ஒரு பலாப்பழத்தோடு வந்து நன்றி சொல்லிவிட்டு, இனித் தேவையில்லை என்று நாயின் பழைய கார்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமைத் தேதியில், டாக்டர் கிருண்டாவின் கையெழுத்தில் ஒரே வரி: 'ஊசி போடப்பட்டது.'

கிருண்டா எங்கள் நால்வரில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறக்க மாட்டார், தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறார்.

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களான்னு நான் கேக்கல" என்றார் புரோஸ்கோவியா. "கேட்டா குத்திக் காட்டுற மாதிரி இருக்கும்னு நாம யாருமே கேக்கறதில்ல. சொன்னா நாம வருத்தப்படுவோம்னு அவங்களும் சொல்றதில்ல."

"பூனையையே சொல்லிடுங்களேன்."

"சொல்லலாம். இதைச் சொன்னா கிருண்டாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். சொல்லலன்னா அந்த மனுஷன், தன் நாயைக் கொன்ன கைக்குத்தான் பலாப்பழம் குடுத்தோம்னு தெரியாமயே இருப்பார்." கார்டை மறுபடி இழுப்பறையில் போட்டார்.

சனிக்கிழமை எல்லோரும் வந்தோம். எங்களில் நான்காமவரான முகோயா உட்காரும்போதே ஆரம்பித்தார்.

"கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சிட்டீங்க, அக்கா. என் தொப்பையை நானே ரெண்டு தடவை பாக்கணும்."

"பாக்காட்டி மட்டும் குறைஞ்சிடுமா?" என்றார் கிருண்டா. "கடலையை இந்தப் பக்கம் தள்ளு."

புரோஸ்கோவியா தேநீரை ஊற்றி முடித்தார். உட்காரவில்லை.

"பூனை இல்ல. இது ஒரு நாய். ஆறு வயசு, ஆண். உண்ணிக் காய்ச்சல்னு நெனச்சேன். ரத்தத்தை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாக்கல, ஞாயித்துக்கிழமைன்னு சோம்பல். மஞ்சள் ஊசி போட்டேன். அதே ஊசி மூணு நாள் முன்னாடியே போட்டிருந்துச்சு. நான் கேக்கல."

முகோயா கடலையை மெல்வதை நிறுத்தினார். "நானா இ…" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லு, கோப்பை காத்துட்டு இருக்கு" என்றார் கிருண்டா. முகோயா சிரித்தார். கிருண்டாவும் சிரித்தபடியே கேட்டார், "எப்படிப்பட்ட நாய்?"

"பழுப்பு. இடது காதுல பாதி இல்ல."

நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். கிருண்டாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"முதல் ஊசி போட்ட டாக்டர் கார்டுல என்ன எழுதியிருந்தார்?" என்று கேட்டார்.

"கார்டை நான் அப்ப பாக்கல. கேட்டிருந்தா பாத்திருப்பேன். தப்பு என்னோடது."

"நான் அதைக் கேக்கல, புரோஸ்கோவியா. என்ன எழுதியிருந்தார்?"

புரோஸ்கோவியா மேஜை இழுப்பறைப் பக்கம் பார்த்தார்.

"'ஊசி போடப்பட்டது'ன்னு எழுதியிருப்பார்" என்றார் கிருண்டா. "மருந்து பேர் எழுத மாட்டார். எழுதினா அடுத்த தடவை அவங்களே கடையில வாங்கிப் போட்டுக்குவாங்கன்னு இருபது வருஷமா அவருக்கு ஒரு பயம்." எங்களைப் பார்த்துத் திரும்பினார். "அது நான்தான். மினிஸ்டர். அதுக்குக் காதைத் தைச்சதும் நான்தான்."

பிறகு முகோயா மெதுவாக, "நானும் பேர் எழுதறதில்ல" என்றார். நான் எழுதுவேன். ஆனால் நானும் கேட்பதில்லை, அதைச் சொன்னேன். அன்று வேறு கேஸ் எதையும் நாங்கள் பேசவில்லை. மஞ்சள் ஊசி போட்டால் மருந்தின் பெயரையும் தேதியையும் கார்டின் மேல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுவது, கழுத்துப் பட்டையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி அனுப்புவது என்று முடிவானது. நூல் எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் முகோயாவும் கிருண்டாவும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். கிளம்பும்போது கிருண்டா கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். யாரும் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை இடைவேளை நேரத்தில் புரோஸ்கோவியாவும் கிருண்டாவும் வைஸ்வாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நடந்ததைப் புரோஸ்கோவியாதான் பிறகு சொன்னார். வைஸ்வா கையில் சாக்பீஸோடு முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"அப்ப நான் வியாழக்கிழமை போனதைச் சொல்லியிருந்தா, முஸாவோ?" எங்கள் பக்கம் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அது நான் கேட்டிருக்க வேண்டியது, சார். நீங்க சுமக்க வேண்டியதில்ல."

"ஊசி போடலன்னா பிழைச்சிருக்குமா?"

"தெரியாது. ரத்தத்தைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல."

அவர் சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தாராம். "அந்தப் பழம் பழுத்திருந்துச்சா?"

"பழுத்திருந்துச்சு. எனக்குத்தான் இறங்கல."

மணி அடித்தது. கை கொடுக்காமல் வகுப்புக்குள் போய்விட்டார்.

அதன்பிறகு அவர் கிளினிக் பக்கம் வரவில்லை. கண்ணாடியில் அட்டைகளை ஒதுக்கி, நடுவில் பெரிய எழுத்தில் புரோஸ்கோவியா எழுதி ஒட்டியிருக்கிறார்: 'வேறு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தீர்களா? நல்லது. யார், எப்போது என்று சொல்லுங்கள்.' பலர் படிப்பதில்லை, நாயைத்தான் பார்க்கிறார்கள். அதனால் வாயாலும் கேட்கிறார்.

ஜூலையில் நான் அங்கே இருந்த ஒரு காலை, ஒரு பெண் சோர்ந்துபோன குட்டி ஒன்றைச் துணியால் முதுகில் குழந்தைபோலக் கட்டிக்கொண்டு வந்தாள். முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே பேசினாள்.

"செவ்வாய்க்கிழமை கிருண்டா முஸாவோகிட்ட காட்டினேன். மஞ்சள் ஊசி. வைஸ்வா வாத்தியார்தான் சொன்னார், இங்க வந்தா அதைத்தான் முதல்ல சொல்லணும்னு."

குட்டியின் கழுத்தில் நூல் இருந்தது. புரோஸ்கோவியா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசிமருந்துப் பெட்டியை மூடி, காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க, மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் துண்டைத் துடைத்தார்.