காசியைத் தூக்கிச் சென்ற விண்கலம்

காசியை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப் போனதாக எங்கள் ராயபுரம் தெருவே நம்பியபோது எனக்கு வயிறு எரிந்தது. "வெள்ளை டிரஸ்ல, மூஞ்சிய மூடிகினு கீறானுங்க. அந்தரத்துல தூக்கினு போய் கைல ஊசி குத்துனானுங்கபா" என்று அவன் டீக்கடையில் சொல்ல, கூட்டம் வாய் பிளந்து கேட்கும்.

அன்று அவன் மீன்பிடிக்கப் போன போட்டில் நானும் இருந்தேன். வெயிலில் அவன் மயங்கி விழுந்ததும், எண்ணூருக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த வெளிநாட்டுக் கப்பலைச் சட்டையை வீசிக் கூப்பிட்டவன் நான்தான். வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட அவர்கள்தான் அவனைக் கயிறு கட்டித் தூக்கி, ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். கரையேறியதும் நான் வாயே திறக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அவன் கதையில் நான் இல்லாதது தாங்கவில்லை.

ஒருநாள் கத்திவிட்டேன். "அது கப்பல்காரனுங்கடா! நான்தான் கூப்ட்டேன்!"

கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு டீ வந்தது.

காசி மட்டும் மெதுவாகக் கேட்டான். "அப்ப நான் இன்னாத்துக்கு மாமு மயங்குனேன்?"

"வெயிலு" என்றேன்.

எங்கள் போட்டில் வலை இழுப்பவனுக்குத்தான் முதல் தண்ணீர். அன்று அவன் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, கேனில் மிச்சமிருந்ததை அவன் முதுகுக்குப் பின்னால் நானே குடித்து முடித்திருந்தேன்.

காசி தான் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னான். தெருவில் இன்றும் எல்லோரும் நம்புவது என்னைத்தான்.